முதல் லினக்ஸ்: எதை எடுப்பது, எப்படிப் போடுவது? கேள்வி பதில்

நான் லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம்) உருவாக்குகிற ஆள் இல்லை. பல வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறவன், தெரிந்தவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறவன், அதில் சில முறை கெடுத்தும் வைத்தவன். புதிதாக வருகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள், "இது கூடத் தெரியாதா" என்று யாரும் சொல்லப்போவதில்லை.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப் 2016-ல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை என்கிறார்கள், 11 போடப் போனால் இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்கிறது. லினக்ஸ் என்று தேடினால் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஜோரின், மஞ்சாரோ என்று பட்டியல் முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எதைப் போட?

பதில்: லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு (சின்னமன் என்பது அதில் வரும் டெஸ்க்டாப்பின், அதாவது திரைத் தோற்றத்தின் பெயர்). படிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் லேப்டாப் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் கேட்கிறது. உங்களுடையது அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். லினக்ஸ் என்பது உண்மையில் உள்ளே இருக்கும் கெர்னல் (வன்பொருளை நிர்வகிக்கும் மையப் பகுதி) மட்டும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராக இருந்தபோது தொடங்கியது. அதைச் சுற்றி டெஸ்க்டாப், மென்பொருள்கள், இன்ஸ்டாலர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். அவற்றிலும் பாதி ஒன்றுக்கொன்று சொந்தம்: டெபியனிலிருந்து உபுண்டு வந்தது, உபுண்டுவிலிருந்து மின்ட் வந்தது. அதனால் உபுண்டுவுக்கு என்று எழுதிய தீர்வு பெரும்பாலும் மின்டிலும் வேலை செய்யும், புதியவருக்கு இது பெரிய லாபம். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. கீழே பட்டை, மூலையில் மெனு என்று விண்டோஸிலிருந்து வருகிற கைக்குப் பழக்கமாகவும் இருக்கும்.

கேள்வி: மின்டிலேயே சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று கொடுக்கிறார்களே? எனக்கு 4 ஜிபி ராம்தான்.

பதில்: 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ, 8 ஜிபி இருந்தால் சின்னமன். மேட்டைத் தேடி எடுக்கிறவர்கள் ஏன் என்று தெரிந்துதான் எடுப்பார்கள். ஆனால் ஒன்று: ராமைத் தின்பது டெஸ்க்டாப் இல்லை, பிரவுசர். இருபது டேப் திறந்து வைத்தால் எந்த டிஸ்ட்ரோவும் திணறும். இன்னமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருக்கிறது என்றால், டிஸ்ட்ரோ மாற்றுவதைவிட அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத வேகமான டிஸ்க்) போடுவதுதான் பெரிய வித்தியாசம் காட்டும், இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் யாரும் நம்புவதில்லை.

கேள்வி: எல்லோரும் உபுண்டு என்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் மின்ட்?

பதில்: உபுண்டு போட்டாலும் தப்பில்லை. அதன் க்னோம் டெஸ்க்டாப் விண்டோஸ் பழக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். எடுப்பதாக இருந்தால் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பு) என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். 24.04 என்றால் 2024-ஆம் வருடம் நான்காம் மாதம் வந்தது என்று பொருள். இரண்டு வருடத்துக்கு ஒரு ஏப்ரலில் எல்டிஎஸ் வரும், ஐந்து வருடம் ஆதரவு இருக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான்.

கேள்வி: சார், 1 ஜிபி ராமும் 32 பிட் விண்டோஸும் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. லினக்ஸ் போட்டால் உயிர் வருமா?

பதில்: முதலில் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் 32 பிட் என்பதால் பிராசஸரும் 32 பிட் என்று ஆகாது. கோர் 2 டுவோ எல்லாம் 64 பிட் தாங்கும். உண்மையிலேயே 32 பிட்தான் என்றால் வழி குறுகிவிட்டது. உபுண்டு எப்போதோ விட்டுவிட்டது, 2025-ல் வந்த டெபியன் 13-லும் 32 பிட் கணினிக்கான இன்ஸ்டாலர் இல்லை. ஆன்டிஎக்ஸ் மாதிரி மெலிந்தவற்றைப் பார்க்கலாம். எழுத, பாட்டுக் கேட்க ஆகும். ஆனால் 1 ஜிபி ராமில் இன்றைய வலைத்தளங்களைத் திறப்பது வேதனை, அதற்கு லினக்ஸும் மருந்தில்லை.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் முதலில் பார்க்க முடியுமா? பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

பதில்: முடியும், கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள் (அதில் உள்ளது எல்லாம் அழியும், முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்). மின்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்கிற மென்பொருள் வழியாக எழுத வேண்டும். எழுதும் முன் கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் அடையாள எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோம்பேறித்தனப்பட்டு நான் விட்ட ஒரே தடவை, பாதியில் அறுந்து இறங்கிய கோப்போடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன்.

பூட் ஆனதும் முழு டெஸ்க்டாப்பும் பென் டிரைவிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. அங்கே வால்பேப்பரை ரசித்துவிட்டு மூடிவிடாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் வேலை செய்கிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், பென் டிரைவின் வேகம் அவ்வளவுதான், இன்ஸ்டால் செய்த பிறகு அப்படி இருக்காது. பிடிக்கவில்லையா, ஷட்டவுன் செய்து பென் டிரைவைப் பிடுங்குங்கள், விண்டோஸ் விட்ட இடத்தில் இருக்கும்.

கேள்வி: பென் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். விண்டோஸ்தான் வருகிறது.

பதில்: ஆன் செய்தவுடன் பூட் மெனுவுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்கு ஒன்று: எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். பிடிபடவில்லை என்றால் விண்டோஸுக்குள் போய் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் வேறு சாதனத்திலிருந்து தொடங்கு என்கிற வழி இருக்கும்.

கேள்வி: அண்ணா, அலுவலக வேலைக்கு விண்டோஸ் வேண்டும், அதோடு மின்டும் வேண்டும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைக்கலாமா? தரவு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: வைக்கலாம். உங்கள் பயமும் சரியானதுதான், அது இருக்கட்டும். எந்த டிஸ்ட்ரோ என்று வாரக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இன்ஸ்டாலரில் டிஸ்க்கைப் பற்றிக் கேட்கும் அந்த ஒரு திரையை அரை நிமிடத்தில் தாண்டுகிறார்கள். டிஸ்ட்ரோவை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், அந்தத் திரையில் தவறினால் திரும்பாது. என் கதை: இரண்டு டிஸ்க் உள்ள கணினி, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, பெயரைப் பார்க்காமல் டிஸ்க்கை அழி என்பதைக் கொடுத்தேன். நான்கு வருடப் படங்கள் போயின. அதற்குப் பிறகு டெஸ்க்டாப் கணினி என்றால் தொடக்கூடாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில். முக்கியமானதை எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். அடுத்து பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. நீங்கள் போடாவிட்டாலும் பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண், அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் முடிந்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், அப்போது தேடினால் காலம் கடந்துவிட்டது. பூட்டிய டிஸ்க்கில் உபுண்டு, மின்ட் இன்ஸ்டாலர்கள் பல நேரம் முன்னேறவே மாட்டா, அப்படியானால் விண்டோஸுக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டு வர வேண்டும்.

அப்புறம் விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது ஆன் ஆக இருந்தால் ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை, பாதித் தூக்கம். அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் டிரைவில் எழுத மறுக்கும், மறுப்பது நல்லதும்கூட. கடைசியாக டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸ் பகுதியைச் சுருக்கிக் காலியிடம் உண்டாக்குங்கள். 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி இருந்தால் நிம்மதி. அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள், ஃபார்மட் செய்ய வேண்டாம். இன்ஸ்டாலரில் "விண்டோஸோடு சேர்த்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தெரியவில்லை, முழு டிஸ்க்கையும் அழிக்கும் வழி மட்டும்தான் தெரிகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரையைப் படம் எடுத்து என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு அந்த இடத்தில் டிஸ்க்கே தெரியவில்லை! பென் டிரைவ் மட்டும்தான் காட்டுகிறது.

பதில்: இன்டெல் லேப்டாப்பாக இருக்கும், பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் முறையை ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்று வைத்திருப்பார்கள். அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் சும்மா மாற்றிவிட்டு வந்தால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழ விட்டு, பிறகு சாதாரண நிலைக்குத் திருப்ப வேண்டும். விண்டோஸே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: டிஸ்க்கை ரூட், ஹோம், ஸ்வாப் என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள், எவ்வளவு வைக்க?

பதில்: முதல் தடவை பிரிக்காதீர்கள், இன்ஸ்டாலர் தானாகச் செய்வது போதும். ஸ்வாப்பையும் (ராம் நிரம்பினால் பயன்படும் டிஸ்க் இடம்) அதுவே ஒரு கோப்பாகப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: போட்டாயிற்று, ஆனால் வைஃபை இல்லை. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!

பதில்: பிராட்காம் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியே பகிர்வது) ஆன் செய்யுங்கள். கணினிக்கு அது ஒரு கேபிள் இணைப்பு மாதிரித் தெரியும், எதுவும் நிறுவத் தேவையில்லை. பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் எது வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கேள்வி: என்விடியா கார்டு. பென் டிரைவில் பூட் செய்தால் கறுப்புத் திரை. இன்னொரு நண்பருக்கு இன்ஸ்டால் முடிந்ததும் நீலத் திரை வந்து ஏதோ பாஸ்வேர்ட் கேட்டதாம், அவர் பயந்து அணைத்துவிட்டார்.

பதில்: கறுப்புத் திரைக்கு, முதல் மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் சேஃப் கிராஃபிக்ஸ் என்று இருக்கும். இன்ஸ்டால் செய்து உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் என்விடியா டிரைவரைப் போடுங்கள்.

நண்பருக்கு வந்தது கோளாறு இல்லை. செக்யூர் பூட் (ஒப்புதல் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் ஆக இருக்கும் கணினியில் வெளி டிரைவர் ஓட வேண்டுமானால் அதன் சாவியைக் கணினியில் பதிய வேண்டும். இன்ஸ்டால் நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லியிருக்கும், அதையேதான் நீலத் திரையில் என்ரோல் கொடுத்ததும் கேட்கும். விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது, அவ்வளவுதான், எதுவும் அழியாது.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? நான் தமிழ்99 ஆள்.

பதில்: தாராளமாக. ஐபஸ் (ibus) என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் (m17n) தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும், இதை மறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஃபோட்டோஷாப், எக்ஸெல், கேம்?

பதில்: உங்கள் பிழைப்பே ஃபோட்டோஷாப் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டலாம் என்பார்கள், அவசர வேலை நாளில் அது கைவிடும். படம் திருத்த கிம்ப் நல்ல மென்பொருள், ஆனால் புதிதாகப் பழக வேண்டும். எக்ஸெல் கோப்புகளை லிப்ரேஆபிஸ் திறக்கும். பெரிய மேக்ரோக்கள் இருந்தால் முதலில் உங்கள் கோப்பையே பென் டிரைவில் ஓடும் மின்டில் திறந்து சோதியுங்கள். கேம் விஷயம் 2018-ல் ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு தலைகீழாக மாறிவிட்டது, ஸ்டீமில் உள்ள நிறைய விண்டோஸ் கேம்கள் அப்படியே ஓடுகின்றன. வாலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வருபவை சில ஓடாது.

கேள்வி: டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) பாஸ்வேர்ட் அடித்தால் எதுவும் விழவில்லை, கீபோர்ட் போய்விட்டதா?

பதில்: விழுகிறது, காட்டாது. அடித்து என்டர் தட்டுங்கள். எங்கேயோ பார்த்த கட்டளையைப் புரியாமல் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். முதல் நாளே டைம்ஷிஃப்ட் என்கிற மென்பொருளைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்தால் சிஸ்டம் கெட்டாலும் பின்னால் போகலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது காப்பி எடுக்காது, அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் அண்ணா. நேற்று இரவு மின்ட் போட்டுவிட்டேன், விண்டோஸும் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நலம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்கிற கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லலாம், செட் லோக்கல் ஆர்டிசி (set-local-rtc) என்று தேடினால் அந்த ஒரு வரி கிடைக்கும். போட்டுவிட்டு, விண்டோஸில் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்து பாருங்கள். மறுபடி தள்ளினால் வந்து சொல்லுங்கள்.