ஃபிலிமை உரித்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது: யார் பொறுப்பு?

கேள்வி: நான் சேலத்தில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2024 மார்ச்சில் லாரி ஒன்று உரசியதில் என் காரின் பானட்டும் வலது ஃபெண்டரும் நசுங்கின. காப்பீட்டில் டிங்கரிங், பெயின்டிங் செய்து வாங்கினேன். மூன்று வாரம் கழித்து, 85,000 ரூபாய் கொடுத்து வண்டி முழுவதும் பி.பி.எஃப். எனும், பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம் ஒட்டினேன், ஐந்து ஆண்டு வாரண்டி தந்தார்கள். ஃபிலிமின் ஓரங்கள் மஞ்சளித்ததால், மாற்றித் தருவதாகச் சொல்லி 2025 ஆகஸ்டில் அதை உரித்தார்கள். கதவுகளில் சுத்தமாக வந்தது. பானட்டிலும் ஃபெண்டரிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து, நசுங்கிய பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி தெரிகிறது. ஃபிலிம் கடைக்காரர் பெயின்ட் சரியில்லை என்கிறார். பெயின்ட் அடித்த பட்டறைக்காரர் ஃபிலிம்தான் காரணம் என்கிறார். ரசீதின் அடியில் 'பெயின்ட் உரிந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. ஒட்டுவதற்கு முன்பு, 'பானட் இப்போதுதான் பெயின்ட் அடித்தது, உடனே ஒட்டலாமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். 'ஒன்றும் ஆகாது சார், தாராளமாக ஒட்டலாம்' என்று குரல் பதிவில் பதில் வந்தது. நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த இடத்துக்கு மீண்டும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். உங்கள் வழக்கின் மிக வலுவான சாட்சி அந்தப் பெயர்ந்த பானட்தான். சேவையில் குறைபாடு இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வண்டியைச் சரிசெய்துவிட்டு வெறும் கையோடு நுகர்வோர் ஆணையத்தின் முன் நின்றால், இரண்டு எதிர்தரப்பினரும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்கள்.

இதில் சட்டத்தைப் புரிந்துகொள்ளப் பெயின்ட்டையும் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் அடிக்கப்படும் கம்பெனி பெயின்ட், உலோகப் பாகங்களின் மேல் ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுக்கப்படுகிறது; அடுக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் தடிமன் பெரும்பாலும் 150 மைக்ரானுக்குள் அடங்கும். பட்டறையில் அடிப்பது, சூட்டறை இருந்தாலும்கூட 60 டிகிரி அளவில்தான் காய்கிறது. அதன் கரைப்பான் முழுவதும் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் காற்றுப் புகாத பாலியூரித்தேன் ஃபிலிமை மேலே ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே தங்கிப் பெயின்ட்டின் பிடிமானம் தளர்கிறது. பட்டியையோ பிரைமரையோ சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தாலும் இதே விளைவுதான்: ஃபிலிமின் பசை பெயின்ட்டைப் பிடித்திருக்கும் வலு, பெயின்ட் அடிப்பரப்பைப் பிடித்திருக்கும் வலுவை மிஞ்சிவிடுகிறது. உங்கள் வண்டியில் கதவுகள் தப்பி, அடித்த இரண்டு பாகங்கள் மட்டும் பெயர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே, ஃபிலிம் ஒட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர் வண்டியைப் பார்த்ததும் எந்தப் பாகம் கம்பெனி பெயின்ட், எது மறுபெயின்ட் என்று தெரிந்துகொண்டாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தடிமன் அளக்கும் சிறு கருவியைப் பானட்டின் மேல் வைத்தால் ஒரு நொடியில் எண் தெரிந்துவிடும்; பட்டி பார்த்த இடத்தில் அது 300, 500 என்று ஏறி நிற்கும். 

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11), கவனக்குறைவான செயலையும் செய்யத் தவறியதையும் மட்டுமல்லாமல், தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே நுகர்வோரிடம் மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. உங்களுக்கு அதைவிட வலுவான நிலை இருக்கிறது: நீங்கள் உண்மையை மறைக்காமல் முன்கூட்டியே கேட்டீர்கள், அவர் 'ஒன்றும் ஆகாது' என்று உறுதி கொடுத்தார். மறுபெயின்ட் பற்றி நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு தெம்பாக எழுதியிருக்க மாட்டேன். அந்தக் குரல் பதிவு இருக்கும் கைபேசியை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். பதிவை எழுத்தில் பெயர்த்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023, பிரிவு 63(4)-இன்படியான மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு இணையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அவ்வளவாக இல்லையென்றாலும், சான்றிதழ் இருந்தால் எதிர்தரப்பு ஆட்சேபிக்க இடமிருக்காது.

ரசீதின் அடியில் உள்ள வாசகத்தைக் கண்டு நீங்கள் மலைக்க வேண்டாம். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த நிபந்தனையின் கீழ் நீங்கள் எங்காவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா? பொறுப்பை ஒரு தொகைக்குள் வரையறுக்கும் நிபந்தனையில் கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தும் என்று 1996-இல் ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை எதிர்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் காட்டுவார். வேலை முடிந்து, பணமும் கட்டிய பிறகு கையில் கொடுத்த ரசீதில் மட்டுமே அது இருந்தால், ஒப்பந்தம் முடிந்தபின் ஒருதலையாகச் சேர்த்த நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடலாம். அந்த வாசகத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாகத் தாக்க வேண்டாம். அவ்வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் நீங்கள் போகவேண்டிய மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. சேவைக் குறைபாடு என்ற கோட்டிலேயே நில்லுங்கள்.

புகாரில் ஃபிலிம் கடைக்காரர், பெயின்ட் பட்டறைக்காரர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். யாருடைய குறை எவ்வளவு என்பதை ஆணையம் பிரித்துக்கொள்ளட்டும். பட்டறைக்குப் பணம் கொடுத்தது காப்பீட்டு நிறுவனம்தானே என்று அவர்கள் வாதிடலாம். பிறர் பணம் கொடுத்த சேவையின் பயனை அவர்களின் ஒப்புதலோடு பெறுபவரும் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோரே.

காலவரம்பில்தான் எனக்குச் சிறு கவலை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்கிறது பிரிவு 69. பெயின்ட் பெயர்ந்த 2025 ஆகஸ்டிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது நம் வாதம். பெயின்ட் அடித்துக் கொடுத்த 2024 மார்ச்சிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்பார் பட்டறைக்காரர். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல், 2026 மார்ச் தொடங்குவதற்கு முன்பே புகாரைத் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

அதற்கு முன், உரிமம் பெற்ற காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஒருவரையோ உங்கள் வண்டி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தையோ கொண்டு எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்திலும் தடிமன் எத்தனை மைக்ரான், எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்திருக்கிறது, பட்டியிலிருந்தா வெறும் உலோகத்திலிருந்தா, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். உரித்த ஃபிலிம் துண்டு கடையில் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். அதன் பசையில் ஒட்டியிருக்கும் பெயின்ட்டும் பேசும். பிறகு இருவருக்கும் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிவதைப் பார்க்கிறேன்.

முடியாவிட்டால், நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆணையத்தின் பண வரம்பும் கட்டணமும் நீங்கள் செலுத்திய தொகையை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். மறுபெயின்ட் செலவு, பானட், ஃபெண்டர் ஆகிய இரண்டு பாகங்களின் ஃபிலிமுக்கான தொகை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். கதவுகளில் ஃபிலிம் மஞ்சளித்தது மட்டுமே குறை என்பதால் அதற்கு வாரண்டிப்படி புது ஃபிலிம் கேட்பதே பொருத்தம். அதை இந்தக் கணக்கோடு கலந்து முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டால், நியாயமான பகுதியும் சேர்ந்து பலவீனப்படும்.