மினாமி என்று ஏன் இத்தனை பெருமையாகச் சொல்கிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

ஒசாக்காவுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்றும், நம்பாவுக்கு அருகில் வீடு எடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் "மினாமி" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் தெரியும் பெருமை உங்களுக்கு விளங்கவில்லை. "டோட்டன்போரியில் நான் கண்டதெல்லாம் கால்களை ஆட்டும் நண்டுப் பொம்மையும், ஓட்டக்காரர் விளம்பரமும், சுற்றுலாக் கூட்டமும்தான்; இதில் கொண்டாட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2004ஆம் ஆண்டு நான் இங்கு வந்தபோது என் மனத்திலும் இதே கேள்விதான் இருந்தது. அதற்கு விடை கிடைக்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மினாமி என்றால் தெற்கு. உமேதா நிலையத்தைச் சுற்றிய வணிகப் பகுதியைக் கிதா, அதாவது வடக்கு என்பார்கள். ஷின்சாய்பாஷி, டோட்டன்போரி, சென்னிச்சிமாயே, நம்பா ஆகியவை சேர்ந்தது மினாமி. 1989 வரை மினாமி-கு என்ற பெயரில் ஒரு நகர வட்டமே இருந்தது. அதைக் கிழக்கு வட்டத்தோடு இணைத்து சூவோ-கு ஆக்கிவிட்டார்கள். ஆனால் அலுவலகத் தாள்களிலிருந்து போன பெயர் மக்கள் நாவிலிருந்து போகவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் மினாமியின் எல்லையைச் சற்றே வேறுவிதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

இந்த இடத்தின் கதை ஒரு கால்வாயில் தொடங்குகிறது. 1612ஆம் ஆண்டு டோட்டன் என்பவர் தம் உறவினர்களோடு சேர்ந்து இதை வெட்டத் தொடங்கினார். 1615இல் ஒசாக்கா கோட்டை முற்றுகையில், தோற்ற தோயோதோமி குடும்பத்தின் தரப்பில் நின்று அவர் உயிரிழந்தார். எஞ்சிய வேலையை உறவினர்கள் முடித்தார்கள். அதன்பின் ஒசாக்காவுக்குத் தலைவராக வந்தவர் வென்ற தரப்பைச் சேர்ந்த மட்சுதைரா ததாஅகி. அவரே இந்தக் கால்வாய்க்கு, எதிர்த் தரப்பில் நின்று மாண்டவரின் பெயரைச் சூட்டினார். டோட்டன்போரி என்றால் டோட்டன் கால்வாய் என்று பொருள். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்றும் யாருக்காவது சொல்லும்போது அதே உணர்வு வருகிறது.

புதிய கால்வாயின் தென்கரையில் ஆள் நடமாட்டம் பெருக வேண்டும் என்பதற்காக நாடகக் கொட்டகைகளை அங்கே வரவழைத்தார்கள். மினாமியின் அடையாளத்தை அறிய இதைத்தான் நீங்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டும் என்பேன்: இது கடைத்தெருவாகப் பிறந்த இடமன்று, நாடகத் தெருவாகப் பிறந்த இடம். 1684இல் தகெமோத்தோ கிதாயூ இங்கே ஒரு பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கினார். ஷாமிசென் நரம்பிசையோடு கதை சொல்லும் அவருடைய பாணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிகாமட்சு மொன்சாயெமொன் அந்த அரங்குக்கு நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். 1703இல் ஒசாக்காவில் ஒரு வணிகக் கடை ஊழியரும் அவர் காதலித்த கணிகையும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியை, ஒரு மாதத்துக்குள் அவர் மேடையேற்றினார். போர்வீரர்களையும் பிரபுக்களையும் மட்டுமே பாடிவந்த மேடையில், கடன் கணக்கிலும் முதலாளி சொல்லிலும் சிக்கிய சாதாரண நகரவாசி கதைத்தலைவன் ஆனான். வணிகர்களின் ஊரான ஒசாக்கா தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டது அந்த மேடையில்தான். இன்று உலகெங்கும் நாடக அரங்குகளில் உள்ள சுழல் மேடையும், 1758இல் நாமிகி ஷோஸோ என்ற நாடகாசிரியர் இந்தத் தெருவில் கபுகி என்னும் மரபு நாடகம் நடந்த அரங்கு ஒன்றில் அமைத்துக் காட்டியதிலிருந்து பரவியது என்பார்கள்.

அக்காலத்தில் நாடகம் என்பது நாள் முழுவதும் நடப்பது. வருபவர்களுக்கு இருக்கை பிடித்துத் தருவது, இடைவேளையில் உணவளிப்பது, இளைப்பாற இடம் கொடுப்பது ஆகியவற்றை அரங்குகளை ஒட்டியிருந்த தேநீர் விடுதிகள் கவனித்துக்கொண்டன. நீங்கள் காணும் உணவகக் கூட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. "கியோத்தோக்காரன் உடையால் அழிவான், ஒசாக்காக்காரன் சாப்பாட்டால் அழிவான்" என்று ஜப்பானியர் சொல்வார்கள். அப்படிச் சாப்பிட்டே ஓட்டாண்டி ஆவதற்கு "குய்தாவோரே" என்று ஒரு சொல்லே இருக்கிறது. (நீங்கள் சைவம் என்று எழுதியிருந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒகோனொமியாக்கி என்னும் அடையில் பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்வது போதாது, மாவிலேயே மீன் சாறு கலந்திருக்கும், உதோன் என்னும் தடித்த நூடுல்ஸின் குழம்பும் அப்படியே.)

இப்போது உங்களை உறுத்திய அந்த விளம்பரப் பலகைகளுக்கு வருகிறேன். பழைய அரங்குகளின் முகப்பில், நாடகம் நடத்த அரசு அளித்த உரிமத்தின் அடையாளமாக ஒரு சிறு கோபுரம் நிற்கும். அதன் கீழே நடிகர்களின் பெயர்ப் பலகைகளும் காட்சிகளைத் தீட்டிய ஓவியப் பலகைகளும் வரிசையாகத் தொங்கும். தெருவில் போகிறவனை அண்ணாந்து பார்க்கச் செய்து உள்ளே இழுப்பதே அவற்றின் வேலை. 1935இல் வந்த கிளிக்கோ மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரரையும், 1962இல் வந்த நண்டையும், 1949இல் தொடங்கிய ஓர் உணவகத்தின் வாசலில் முரசு கொட்டி நின்ற கோமாளிப் பொம்மையையும் அந்த ஓவியப் பலகைகளின் வாரிசுகளாகவே நான் பார்க்கிறேன். அந்த உணவகம் 2008 ஜூலையில் மூடப்பட்டபோது, பொம்மையிடம் விடைபெறத் திரண்ட கூட்டத்தில் நானும் நின்றேன். முதியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டபிறகு, இவை வெறும் விளம்பரங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொம்மை இன்றும் பக்கத்துக் கட்டடத்தில் முரசு கொட்டுகிறது.

அந்தக் கட்டடம் நிற்குமிடம் நாகா-ஸா என்ற கபுகி அரங்கின் இடம். டோட்டன்போரியின் புகழ்பெற்ற ஐந்து அரங்குகளில் ஒன்றான அது 1999இல் மூடப்பட்டது. இந்த அரங்குகள் மறைந்ததற்குத் திரைப்படம் வந்தபின் நாடகம் தேய்ந்தது ஒரு காரணம் என்றால், 1945 மார்ச் குண்டுவீச்சில் மினாமி ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது இன்னொன்று. 1912இலும் இங்கே ஒரு பெருந்தீ பரவியிருந்தது. ஆகையால் இங்கே பழமையைக் கட்டடங்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

சென்னிச்சிமாயேயின் கதை கனமானது. மெய்ஜி பேரரசர் காலத்தின் தொடக்கம் (19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) வரை அங்கே சுடுகாடும் கொலைக்களமும் இருந்தன. அவற்றை அகற்றியபின் யாரும் வாங்கத் தயங்கிய அந்நிலத்தில் வித்தைக் கொட்டகைகள் முளைத்தன. பிறகு கேளிக்கைக் கூடங்களும் திரையரங்குகளும் வந்தன. 1972 மே மாதம் அங்கிருந்த பல்பொருள் அங்காடியில் பற்றிய தீயில், மேல்மாடிக் கேளிக்கை விடுதியில் இருந்த 118 பேர் மாண்டார்கள். ஜப்பானின் தீயணைப்புச் சட்டம் பின்னர் கடுமையானதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். அந்த மூலையைக் கடக்கும்போது வயதான ஒசாக்காக்காரர்கள் குரல் தாழ்த்துவதை நீங்களும் கவனிப்பீர்கள்.

ஷின்சாய்பாஷி வேறு முகம். 1622இல் நாகஹோரி கால்வாயை வெட்டியவர்களுள் ஒருவரான ஷின்சாய் என்பவரின் பெயரில் அமைந்த பாலம் அது. கால்வாயை 1960களில் தூர்த்துவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. தாய்மாரு அங்காடி 1726 முதல் அங்கே இருக்கிறது. 2019இல் அதைப் புதிதாகக் கட்டியபோதும், வில்லியம் வோரிஸ் வடிவமைத்த 1933ஆம் ஆண்டு முகப்பைக் காத்துவைத்தார்கள்.

எனக்கு மினாமியைப் புரியவைத்த இடம் ஹோசென்ஜி கோயில் சந்து. நாகா-ஸாவை இடிக்கும்போது 2002 செப்டம்பரில் நேர்ந்த வெடிப்பில் சந்தின் கடைகள் எரிந்தன. அடுத்த ஏப்ரலில் மீண்டும் தீப்பற்றியது. கட்டடச் சட்டப்படி புதிதாகக் கட்டினால் தெரு 4 மீட்டர் அகலமாக வேண்டும். மூன்று மீட்டர்கூட இல்லாத அந்தச் சந்து அகலமானால் அது ஹோசென்ஜி சந்தாகவே இருக்காது என்று மக்கள் வாதாடினார்கள். சந்தையும் அதன் இருபுறக் கட்டடங்களையும் ஒரே மனையாகக் கருதும் சட்டப்பிரிவு ஒன்றைக் கண்டுபிடித்து, கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்பைக் கூட்டி, பழைய அகலத்திலேயே மீண்டும் கட்டினார்கள். அவர்கள் காப்பாற்றியது கட்டடத்தையன்று, இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. நான் வந்த புதிதில் அங்கே நடந்தபோது எல்லாம் பழையதாகவே தோன்றியது; ஓராண்டுக்கு முன் எரிந்த இடம் என்று ஒருவர் சொல்ல, நம்ப முடியாமல் நின்றேன்.

அச்சந்திலுள்ள ஃபுதோ தெய்வத்தின் சிலை, 1945இல் கோயில் எரிந்தபோதும் தப்பியது. காணிக்கைக்கு ஒன்றுமில்லாத ஒருவர் தண்ணீரை வாரி ஊற்றி வேண்டியதிலிருந்து சிலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். எல்லோரும் ஊற்றி ஊற்றி, சிலை முழுவதும் பாசி படர்ந்து முகமே தெரியாமல் பச்சையாகிவிட்டது. ஒரு வார நாள் காலையில் தனியாகப் போய், அகப்பையால் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

பிறகு நிப்பொம்பாஷியில் 1984இல் திறக்கப்பட்ட தேசிய புன்ராக்கு அரங்குக்கு நடந்துவிடலாம். கிதாயூவின் பொம்மலாட்டம் இன்றும் உயிரோடு இருப்பது அங்கேதான். ஒரு பொம்மையை மூவர் சேர்ந்து இயக்குவார்கள். முழு நாடகத்துக்குப் பணமும் பொழுதும் இல்லையென்றால், ஒரு காட்சிக்கு மட்டுமான சீட்டையும் அங்கே விற்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் முதல் முறைக்கு அது போதும்.