147,500 ரூபாவுக்குள் வரி எவ்வளவு?

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். மின் போறணை ஒன்று வாங்க இரண்டு கடைகளில் விலை கேட்டேன். ஸ்ரான்லி வீதிக் கடையில் வற் வரி (பெறுமதி சேர் வரி) உட்பட 147,500 ரூபா என்றார்கள். ஆஸ்பத்திரி வீதிக் கடையில் அதே போறணை 123,000 ரூபா, வற் தனி என்றார்கள். முதல் கடையின் விலையில் 18 சதவீதத்தைக் கழித்துப் பார்த்தேன். 120,950 ரூபா வருகிறது. அப்படியானால் முதல் கடைதானே மலிவு? முற்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் சகோதரி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கணக்கில் மலிவான கடை இடம் மாறிவிட்டது.

கடைக்காரர் 18 சதவீதத்தைப் போட்டது வரிக்கு முந்தைய விலையின் மேல். நீங்கள் 18 சதவீதம் எடுத்ததோ வரியும் சேர்ந்த 147,500இல். அதாவது வரிக்கும் சேர்த்து வரி கழித்திருக்கிறீர்கள். கைபேசிக் கல்குலேற்றரில் 147,500 அடித்து, கழித்தல் 18 சதவீதம் என்று அழுத்தினால் அது 120,950 என்றுதான் காட்டும். கேட்டதற்குச் சரியான விடைதான். கேட்ட கேள்விதான் வேறு.

வரிக்கு முந்தைய விலை 100 ரூபா என்றால் நீங்கள் கொடுப்பது 118 ரூபா. ஆகவே மொத்தத் தொகையை 1.18ஆல் வகுக்க வேண்டும். 147,500ஐ 1.18ஆல் வகுத்தால் 125,000. மீதி 22,500தான் வரி. சரிபார்க்க விரும்பினால் 125,000க்கு 18 சதவீதம் கண்டு கூட்டிப் பாருங்கள், 147,500 வந்து நிற்கும். உங்களுடைய 120,950க்கு அப்படிச் செய்தால் 142,721தான் வரும். இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையை ஒருபோதும் விடாதீர்கள். பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

வரியை மட்டும் அறிய இன்னொரு வழி உண்டு: மொத்தத்தை 59ஆல் வகுத்து 9ஆல் பெருக்குங்கள். 147,500ஐ 59ஆல் வகுத்தால் 2,500. அதன் ஒன்பது மடங்கு 22,500. 118இல் 18 என்பதைச் சுருக்கினால் 59இல் 9 என்று வருவதால்தான் இப்படி. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் வரி ஏறத்தாழ 15 ரூபா 25 சதம். 18 ரூபா அல்ல.

இனி ஒப்பிடுவோம். வரிக்கு முன் முதல் கடையில் 125,000, இரண்டாவது கடையில் 123,000. வரியோடு பார்த்தால் இரண்டாவது கடைக்கு 145,140 ரூபா கொடுக்க வேண்டும். அதுதான் 2,360 ரூபா குறைவு.

உண்மையில் உங்களுக்கு வகுத்தலே தேவையில்லை, இரண்டாவது விலையோடு வரியைக் கூட்டிப் பார்த்திருந்தாலே போதும். வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள்தான் வாங்கும்போது கொடுத்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியும். அவர்களுக்குத்தான் வரிக்கு முந்தைய விலை முக்கியம். ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபா விற்பனை என்றிருந்த பதிவு எல்லை 2024 ஜனவரியில் 60 மில்லியனாக இறக்கப்பட்டது. எவ்வளவு இறக்கினாலும் வீட்டுக் கேக் அந்த எல்லையைத் தொடுவதற்கு நிறைய முட்டை உடைக்க வேண்டும். ஆகவே உங்கள் கையிலிருந்து போகும் முழுத் தொகைதான் உங்களுக்கு விலை.

பழைய பில்களைப் பிரிக்கும்போது திகதியைப் பாருங்கள். 18 சதவீதம் 2024 ஜனவரி 1இல் வந்தது. அதற்கு முன் 2022 செப்ரெம்பரிலிருந்து 15 சதவீதம், அந்த ஆண்டு ஜூன் முதல் ஓகஸ்ற் வரை 12, அதற்கும் முன் 8. 2023ஆம் ஆண்டுப் பில்லை 1.15ஆல்தான் வகுக்க வேண்டும். சுப்பர்மார்க்கெற் பில்லை ஒரேயடியாக வகுக்கவும் கூடாது. அரிசி போன்ற வரிவிலக்குப் பொருள்களும் அதில் கலந்திருக்கும். சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரியும் தனியாகக் காட்டி, அதன் மேல் வற் போட்டிருந்தால், 1.18ஆல் வகுத்துக் கிடைப்பதற்குள் அந்தப் பங்களிப்பு வரி இன்னும் இருக்கும்.

‘வற் தனி’ என்று சொன்ன ஆஸ்பத்திரி வீதிக் கடையில் ஒன்று கேளுங்கள்: வற் பதிவு இலக்கம் என்ன? பதிவில்லாத கடைக்கு உங்களிடம் வற் வாங்க உரிமையே இல்லை. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அது பில்லில் இருக்க வேண்டிய இலக்கம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் கூலி விலைக்குள் அடக்கமா என்பதையும் இரண்டு இடத்திலும் கேளுங்கள். 2,360 ரூபா வித்தியாசத்தை சாமான் ஏற்றும் ஒரு லான்ட்மாஸ்ரர் வண்டியின் வாடகை விழுங்கிவிடலாம்.

முதல் கடைக்காரரிடம் பேரம் பேசவும் இடமிருக்கிறது. அவர் 5,000 ரூபா குறைக்கிறேன் என்றால், எந்த விலையில் என்று கேளுங்கள். 147,500இல் குறைத்தால் 142,500. வரிக்கு முந்தைய 125,000இல் குறைத்து அதன் மேல் வரி போட்டால் 141,600. எப்படிக் குறைத்தாலும் அது இரண்டாவது கடையின் 145,140ஐ விடக் குறைவு. அப்போது ஸ்ரான்லி வீதியிலேயே வாங்கலாம்.