தாஜ்மகால் வேணாம், காசிமேட்டைக் காட்டு

வியாசர்பாடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. பி.எட். முடிச்சவ. ஜப்பான்ல ஷிகா மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி ஆங்கில டீச்சரா வேலை கிடைச்சிருக்கு, கோடை லீவு முடிஞ்சு ரெண்டாவது டெர்ம்ல சேரணுமாம். "அக்கா, தினப்படி வாழ்க்கை எப்படி இருக்கும்? பசங்களோட பேசறதுக்காக அனிமேவாப் பாத்துத் தள்ளிட்டிருக்கேன், அது போதுமா? இந்தியாவைப் பத்தி பிபிடி ரெடி பண்ணச் சொன்னாங்க, அதுல என்ன வைக்கிறது? நம்ம ஏரியா இங்கிலீஷ் அங்க எடுபடுமா? சாப்பாடு?" இதுதான் கேள்வி.

நானும் அதே மாகாணத்துல ஹிகோனேங்கிற ஊருக்கு இதே வேலைக்குப் போய், அங்கயே தங்கிட்டவ. இப்ப லீவுல தண்டையார்பேட்டையில அம்மா வீட்ல இருக்கேன். தெருமுனையில ஆடிக் கூழுக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, அந்தச் சத்தத்துலதான் எழுதறேன். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா கண்டுக்காத.

முதல்ல அந்த பிபிடி. தாஜ்மகால், மயில், பரதநாட்டியம், யோகா, எதுவும் வேணாம். எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க. பசங்க "ஓ"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு அமைதியாயிடும். அப்புறம் ஒரு கேள்வி வராது. ஏன்னா தாஜ்மகால் அவங்களுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் உனக்கும். நீயே போயிருக்க மாட்ட. தெரியாத ஒண்ணைப் பத்தி தெரிஞ்ச மாதிரி பேசினா மூணாம் வகுப்புப் பிள்ளைகூட கண்டுபிடிச்சிடும்.

அதுக்குப் பதிலா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போ. போன்லயே எடு, போதும். ஏலம் போடறவர், ஐஸ் உடைக்கிற மெஷின், கூடையோட உக்காந்திருக்கிற பொம்பளைங்க, படகுங்க வரிசை. நல்லவேளை, ஏப்ரல் 15ல தொடங்கற 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, இல்லாட்டி விசைப்படகெல்லாம் சும்மா கட்டிக் கிடக்கும். நான் அந்தப் படங்களைக் காட்டினப்போ நாலாம் வகுப்புல ஒரு பையன் கையைத் தூக்கினான். அவங்க தாத்தா அங்க ஷிகாவுல இருக்கிற பிவா ஏரியில மீன் பிடிக்கிறவர். அவன் கேட்டது என்ன தெரியுமா? "இந்த வலையோட கண்ணு எவ்வளவு பெருசு?" எனக்குத் தெரியல, எங்க சித்தப்பாவுக்கு மெசேஜ் போட்டு மறுநாள் பதில் கொண்டுபோனேன். அதுக்கப்புறம் அந்த வகுப்புல கேள்வி நின்னதே இல்ல. எந்த மீனைப் பச்சையா தின்பீங்க, பூனைங்க திருடாதா, ஒரு மீன் எத்தனை யென். அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுல சவாரா மீன் சுட்டுப் போட்டிருந்தாங்க. நம்ம வஞ்சிரம் வகைதான் அது. "டீச்சர் ஊரு மீன்"னு தட்டைத் தூக்கிக் காட்டுதுங்க.

அனிமே விஷயம். பாரு, தப்பில்ல. ஆனா அதை வச்சு ஜப்பான் மொழி கத்துக்காத. ஹீரோ பேசற ஜப்பானியத்தை அப்படியே ஆசிரியர் அறையில எடுத்து விட்டா, நம்ம ஊர்ல ஹெட்மிஸ்ட்ரஸைப் பாத்து "இன்னாம்மே, சாப்ட்டியா"ன்னு கேட்டாப்ல இருக்கும். நமக்கு டிவியில தமிழ்ல பேசின ஷின்சான் இருக்கானே, அவன் பேச்சுக்கே அங்க நிறைய அம்மா அப்பாங்களுக்கு முகம் சுருங்கும். அவன் வாழற கசுக்காபே நிஜமாவே டோக்கியோ பக்கத்துல சைத்தாமா மாகாணத்துல இருக்கிற ஊரு. எங்க பள்ளிக்கூடத்துப் பசங்கள்ல பாதிப் பேரு ஷின்சானையே பாத்ததில்ல. உங்க வயசுக்காரங்க கொண்டாடற அனிமே பாதி அவங்களுக்குத் தெரியவே தெரியாது. போக்கிமான் கார்டு, கேம், யூடியூப், இதுதான் அதுங்க உலகம். பெரியவங்ககிட்டப் பேச்சுக் கொடுக்கணும்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு சசாஎ-சான் பாரு. 1969ல இருந்து ஓடற வீட்டுக் கதை. அது முடிஞ்சா நாளைக்குத் திங்கக்கிழமைன்னு ஊரே பெருமூச்சு விடும், அதுக்கு அந்தப் பேரையே வச்சு ஒரு நோய்னு சொல்லிச் சிரிச்சுக்குவாங்க.

இதைவிட முக்கியம், நீ போற ஊர்ல எது ஓடுதுன்னு பாக்கறது. டோக்கியோ வேற, ஷிகா வேற. ஹிகோனேயில எங்க திரும்பினாலும் சிவப்பு ஹெல்மெட்டுல ரெண்டு கொம்பு வச்ச ஒரு வெள்ளைப் பூனை இருக்கும். ஹிகோன்யான். 2007ல கோட்டையோட 400வது ஆண்டு விழாவுக்காக வந்த பொம்மை, இப்ப ஊருக்கே முகம் அதுதான். கிட்டத்தட்ட தினமும் கோட்டையில வந்து நிக்கும், பெரிய மனுஷங்களே க்யூவுல நின்னு கையாட்டுவாங்க. முதல்ல எனக்குச் சிரிப்பா வந்துது. அப்புறம், நம்ம ஏரியாவுல கட்அவுட்டுக்குப் பாலூத்தறவங்களைப் பாத்து வளந்தவ நான், நான் சிரிக்கலாமான்னு விட்டுட்டேன்.

இப்ப கேரம். உனக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதறேன்னு வச்சுக்கோயேன். ஹிகோனேயில வீட்டுக்கு வீடு ஒரு பலகை இருக்கும். நாலு மூலையில நாலு குழி. நம்ம போர்டைவிடச் சின்னது. பேரு கரோம். ஜப்பான்ல வேற ஊர்க்காரங்களைக் கேட்டா பெரும்பாலும் முழிப்பாங்க, இந்தப் பக்கத்துலதான் இது உயிரோட இருக்கு. சிவப்பு 12, பச்சை 12, நடுவுல ஜாக்னு ஒண்ணு. உன் நிறத்துக் காயெல்லாம் போட்டு முடிச்சப்புறம்தான் கடைசியா ஜாக்கைப் போடணும். நம்மள மாதிரி நடுவுலயே ரெட் காயைப் போட்டுட்டு ஃபாலோ போடற கதையெல்லாம் கிடையாது. அதனால ஆட்டத்தோட புத்தியே வேற. நம்ம ஆளுங்க ரெட்டு மேல கண்ணு வச்சு ஆடுவோம், அவங்க பொறுமையா ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே எதிராளியோட காயை மூலையில அடைச்சு வைப்பாங்க. எனக்கு அந்தப் பொறுமை வர ரொம்ப நாளாச்சு.

பக்கத்துத் தெருப் பாட்டி வீட்டுத் திண்ணையில பசங்க ஆடிட்டிருந்ததைப் பாத்துட்டு நான் போய் உக்காந்தேன். என்ன மொழியில பேசினேன்னு இன்னிக்கும் தெரியாது. அவங்க சுண்டறது வேற மாதிரி, நான் நடுவிரலால கட் அடிச்சதைப் பாத்து ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா, விரல்ல ஏதாவது மாட்டியிருக்கேனான்னு. மறுநாள் பள்ளிக்கூடத்துல இந்தியா டீச்சர் கரோம் ஆடுவாங்கன்னு பரவிடுச்சு. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணுதானே. பேப்பர்ல வந்த படத்தைக் காட்டி "எங்க ஏரியா"ன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு இருந்த மரியாதை எனக்கு எந்தப் பாடம் நடத்தியும் கிடைச்சதில்ல. போர்டைத் தூக்கிட்டு வராத, லக்கேஜ் தாங்காது. ஒரு நல்ல ஸ்டிரைக்கர் போதும்.

வகுப்பறையில நீ பேசறது நாளுக்கு நாலஞ்சு பீரியடுதான். மீதி இங்கிலீஷெல்லாம் சாப்பாட்டு நேரத்துலயும் பெருக்கற நேரத்துலயும்தான் நடக்கும். சாப்பாடு வகுப்பறையிலயே. பசங்களே வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுட்டுப் பரிமாறுவாங்க. சோறோ ரொட்டியோ, சூப்பு, ஒரு கறி, 200 மில்லி பால். நீயும் காசு கட்டி அதையே சாப்பிடலாம், சாப்பிடு. தனியா டப்பா கொண்டுபோயி ஆசிரியர் அறையில உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா உன்கிட்டப் பேசவும் மாட்டாங்க. யாராவது லீவு போட்டு ஒரு புட்டிங் மிச்சமாச்சுன்னா அதுக்கு ஜான்கென் போட்டி நடக்கும், கல்லு, கத்தரிக்கோல், காகிதம். வகுப்பே எழுந்து நின்னு கத்தும். நீயும் கையை நீட்டு, டீச்சர்னு விட்டுக்கொடுத்துடாத, அது அவங்களுக்குப் பிடிக்காது. நான் பதிலுக்கு சா பூ த்ரீ சொல்லிக் கொடுத்தேன். இப்ப எங்க அஞ்சாம் வகுப்புல டீம் பிரிக்கறதே அதுலதான்.

சாப்பிட்டு முடிச்சா ஸ்பீக்கர்ல ஒரு மெட்டுப் போடுவாங்க, எல்லாரும் ஈரத்துணியோட தரையில குனிஞ்சிடுவாங்க. வகுப்பறை, தாழ்வாரம், கழிப்பறைகூட பசங்கதான். நீயும் ஒரு துணியை எடுத்துக்கோ. பாடத்துல வாயே திறக்காத பிள்ளை தாழ்வாரம் துடைக்கும்போது பக்கத்துல வந்து "டீச்சர், டாக்? கேட்?"னு கேக்கும். நாய் பிடிக்குமா பூனையான்னு அர்த்தம். அவ்வளவுதான் அன்னிக்கு வேலை, அது போதும்.

நீ சேரும்போது விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி தொடங்கியிருக்கும். நிறையப் பள்ளிக்கூடத்துல பெரிய வகுப்புப் பசங்க சோரான் புஷி ஆடுவாங்க. ஹொக்கைடோ பக்கம் ஹெர்ரிங் மீன் பிடிச்சவங்க பாடின பாட்டு, ஆட்டம் முழுக்க வலை இழுக்கற அசைவு. முட்டியை மடக்கித் தாழ்ந்து நிக்கணும், தொடை கழண்டுடும். உன்னையும் கூப்பிடுவாங்க. ஐலசா கேட்டு வளந்தவளுக்கு எங்க இழுக்கணும், எங்க விடணும்னு யாரும் சொல்லித் தர வேணாம்.

இங்கிலீஷ் உச்சரிப்பைப் பத்தி ரொம்ப யோசிக்காத. அங்க பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, தென்னாப்பிரிக்கான்னு எல்லா ஊர் டீச்சரும் இருக்காங்க. உன் பிரச்சினை உச்சரிப்பு இல்ல, வேகம். நம்ம பக்கம் எந்த மொழி பேசினாலும் மார்க்கெட்டுல கூவற வேகம்தான். பாதியாக் குறை. 2020ல இருந்து அஞ்சு, ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மார்க் போடற பாடமாயிடுச்சு, அதனால வகுப்பு டீச்சருங்களுக்கே உள்ளுக்குள்ள பயம் இருக்கு. அவங்களைப் பசங்க முன்னாடி திருத்தாத. இது ஒண்ணை மட்டும் எழுதி வச்சுக்கோ.

சினிமா பேசணும்னா ஐம்பது தாண்டின டீச்சரைப் பிடி. 1998ல அங்க ரிலீஸான முத்துவை ஞாபகம் வச்சிருப்பாங்க. சின்னவங்களுக்கு ஆர்ஆர்ஆர். மசாலா ஷோன்னு சில தியேட்டர்ல விசில், கைத்தட்டு, கலர்க் காகிதம்னு போட அனுமதி தர்றாங்க, கியோட்டோ, ஒசாகா பக்கம் கேட்டுப் பாரு. படம் முடிஞ்சதும் காகிதத்தை அவங்களே பெருக்கிட்டுப் போவாங்க. நம்ம அகஸ்தியா தியேட்டர்ல முதல் நாள் ஷோ பாத்தவளுக்கு அந்தக் கடைசிக் காட்சிதான் நம்ப முடியாம இருந்துது.

சிரமம் இல்லன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர் ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு வரும், பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்யுதான்னு அப்படியே சரி பாத்துக்குவாங்க, பசங்களும் வீட்டுக்குப் போயிடணும். அதுக்கப்புறம் தெருவுல ஒரு சத்தம் கிடையாது. எட்டு மணிக்கு நடந்தா உன் செருப்புச் சத்தம் உனக்கே கேக்கும். நம்ம பக்கம் ராத்திரி பன்னெண்டுக்கும் அத்தோ நூடுல்ஸ் கடையில கூட்டம் பாத்த நமக்கு அதுதான் முதல் பனிக்காலத்துல நெஞ்சை அடைக்கும். கேரம், நூலகத்துல ஜப்பானிய வகுப்பு, எதுவோ ஒண்ணு, வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது வெளிய போற மாதிரி முதல் மாசத்துலயே வச்சுக்கோ. பனி விழ ஆரம்பிச்சப்புறம் தேடினா எழுந்து போகத் தோணாது.

மளிகைக்கு ஹலால் கடையைத் தேடு, பருப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாம் கிடைக்கும், கருவேப்பிலைதான் கஷ்டம். கருவாடு ஞாபகம் வந்தா ஃபுனாசூஷி கேளு. பிவா ஏரி மீனை உப்புல ஊறவச்சு, சோத்துக்குள்ள புதைச்சு மாசக்கணக்கா புளிக்க விட்டது. ஜப்பான்காரங்களே மூக்கைப் பொத்துவாங்க, நான் ரெண்டாவது துண்டு கேட்டேன். சைக்கிள் வாங்கிக்கோ, ஓட்டும்போது போனைத் தொடாத, 2024 நவம்பர்ல இருந்து அதுக்கு ஜெயில் வரைக்கும் சட்டம் இருக்கு. குப்பையை எந்த நாள் எந்தப் பைன்னு நகராட்சி அட்டவணை தரும், கதவுல ஒட்டிடு.

கடைசியா நீ கேக்காத ஒண்ணு. உன்னை எடுத்தது நேரா பள்ளிக்கூடமா, ஆள் அனுப்பற கம்பெனியா? கம்பெனின்னா ஒப்பந்தத்துல ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாசச் சம்பளம் முழுசா வருதான்னு பாரு, லீவு மாசத்துல வெட்டறவங்க நிறையப் பேரு. மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் கம்பெனி பாதி கட்டுதா, வீட்டு அட்வான்ஸ் யாரு தலையில, வாய்ல சொன்னதை எழுத்துல தர்றாங்களா. அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் இங்க இருக்கும்போதே பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாத.