வளவுக்கு மேலே ஷீட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. குரங்குத் தொல்லையும் சாரலும் தாங்காமல் முற்றத்துக்கு மேலே வெளிச்சம் வருகிற பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். அதிலிருந்து மத்தியானம் வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில்) உட்காரவே முடியவில்லை. "பூமியும் இப்படித்தான் சூடாகுது, பசுமை இல்ல விளைவு"ங்கிறான் காலேஜ் படிக்கிற மகன். சரியா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: பாதிதான் சரி. முற்றம் திறந்திருந்தவரை சுட்ட காற்று லேசாகி மேலே போய்விடும், அந்த இடத்துக்கு முகப்பு வழியாகப் புதுக் காற்று வரும். இப்போது வெயிலை மட்டும் உள்ளே விட்டுவிட்டுக் காற்றின் வழியை அடைத்துவிட்டீர்கள், அதனால் தளம் சுட்டு, அதன் மேலுள்ள காற்றும் சுட்டு, போக்கிடமில்லாமல் வளவிலேயே நிற்கிறது. பசுமை இல்லம் என்கிற, நாற்று வளர்க்கிற கண்ணாடிக் குடிலும் பெரும்பாலும் இப்படித்தான் சூடாகிறது. 1909-ல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும் இன்னொன்றை வெப்பக் கதிரைத் தடுக்காத பாறை உப்புப் பலகையாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூடாயின! அதாவது, சூட்டுக்குப் பெரிய காரணம் கதிர் தடைபட்டதல்ல, காற்று அடைபட்டதுதான்.

பூமிக்கு மேலே ஷீட் எதுவும் கிடையாது. விண்வெளிக்கு அது வெப்பத்தை அனுப்ப ஒரே வழி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான். காற்றில் 99 சதவீதமாக இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் இவைதான் அதை விழுங்கி எல்லாப் பக்கமும், கீழே நம் பக்கமும், திருப்பி விடுகின்றன. ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் 1859-லேயே இதை அளந்து காட்டிவிட்டார். மார்கழியில் வானம் தெளிந்த ராத்திரி மொட்டை மாடி சில்லென்று பனியில் நனைந்து கிடக்கும், மேகமும் கதிரை இப்படித் திருப்பி விடுவதால் அது மூடினால் அந்தக் குளிர் இருக்காது, கவனித்திருப்பீர்களே.

இந்தப் பசுமை இல்ல விளைவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி, இப்போது சுமார் 15. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து அதற்கு மேலும் ஏற்றுகிறோமே, அதுதான் தகராறு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

உங்கள் ஷீட்டைக் கழற்ற வேண்டாம். இரண்டடி உயர்த்தி, சுற்றிலும் கம்பி வலை அடிக்கச் சொல்லுங்கள், சூடு போகும், குரங்கு வராது.

கேள்வி: சூரியனே கூடுதலாகக் காய்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: அப்படியென்றால் காற்று மண்டலம் மேலே கீழே எல்லாமே சூடாக வேண்டும். நடப்பதோ வேறு: கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டே போகிறது (ஓசோன் குறைந்ததற்கும் இதில் பங்குண்டு). கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று மனாபே, வெதரால்ட் என்ற காலநிலை விஞ்ஞானிகள் 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள், மனாபேவுக்கு 2021-ல் நோபல் பரிசும் கிடைத்தது. செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரிய ஒளியை அளந்து வருகின்றன, அது ஏறுமுகமாகவே இல்லை.