விங் சுன் எப்படித் தோன்றியது, எப்படி வேலை செய்கிறது?

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையை உருவாக்கியது ஒரு பெண் துறவியா, அதன் அடிப்படை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷாவோலின் என்ற பௌத்த மடம் எரிக்கப்பட்டபோது தப்பிய நங் மூய் என்ற பிக்குணி, யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்கு இதைக் கற்றுத்தந்தார் என்பது வாய்வழிக் கதை. அழகான கதை, ஆனால் சான்று கிடையாது. வரலாறு ஓரளவு தெளிவாகக் கிடைப்பது தென்சீனாவின் ஃபோஷான் நகரில்தான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே மூலிகை வைத்தியரான லியுங் ஜான் இதில் பேர்பெற்றார். அவருடைய மாணவர் சான் வா ஷுன். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்த இப் மான் (1893–1972) பிற்பாடு ஹாங்காங்கில் கற்பித்தார். 1950களில் அவரிடம் பயின்ற புரூஸ் லீயால் இக்கலை உலகறிந்தது.

அடிப்படை, மையக்கோடு. மூக்கு, தொண்டை, மார்புக்குழி, அடிவயிறு எல்லாம் உடலின் நடுவே ஒரே கோட்டில் இருக்கின்றன. முழங்கையை உள்ளடக்கி அந்தக் கோட்டைக் காக்க வேண்டும். அதே கோட்டில் நேராகக் குத்த வேண்டும். சுற்றி வரும் வீச்சைவிட நேர்க்குத்துக்குத் தூரம் குறைவு, அதனால் முந்திக்கொள்ளும். தடுத்துவிட்டு அடிப்பது என்ற பேச்சே இல்லை: ஒரு கை தட்டிவிடும்போதே மறு கை பாய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், இதன் உயிர்நாடி சி சாவ் பயிற்சிதான். இருவர் முன்கைகளை ஒட்டவைத்து மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிராளியின் அழுத்தம் எங்கே தளர்கிறதோ, அங்கே கை தானாக நுழையும். கண்ணால் பார்த்து முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தோலே சொல்லிவிடும்.

வெறுங்கைப் படிவங்கள், அதாவது வரிசைப்படி செய்து பழகும் அசைவுத் தொகுப்புகள், மூன்றே மூன்று. பிறகு மரப்பொம்மைப் பயிற்சி, நீள்கழி, இரட்டைக் கத்தி.