களம் இல்லாத ஆண்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க டென்பின் பவுலிங் வீராங்கனை கெல்லி குலிக் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். 2010இல் ஆண்களோடு ஆடிப் பட்டம் வென்றவர் என்பதால் அவரை மிக உயரத்தில் வைக்கிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். டென்பின் பவுலிங்கில் ஓட்டம் இல்லை, மோதல் இல்லை, பாதையின் கோடியில் நிற்கும் பத்துப் பின்களை, அதாவது கட்டைகளைச் சாய்க்கப் பந்தை உருட்டிவிடுவதோடு சரி. உடல்வலு அவ்வளவாகத் தேவைப்படாத ஆட்டத்தில் ஒரு பெண் ஆணை வெல்வது அத்தனை பெரிய விஷயமா? அடுத்தது, அதற்குப் பிறகு ஆண்களின் முதன்மைத் தொடரில் அவர் இன்னொரு பட்டம் வெல்லவில்லையே? நன்றாக அமைந்த ஒரு நாளை வைத்து ஒருவரை மேதை என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்ததும் என் குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன். அவர் அந்தப் பட்டம் வென்ற 2010 ஜனவரி 24 என்ற ஒரே நாளைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த எவருக்கும் உங்கள் இரண்டாவது சந்தேகம் வரத்தான் செய்யும். குறை என்னுடையது. இங்கே சரிசெய்யப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ‘உருட்டிவிடுவது’. எறிகோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. பாதையின் அகலம் மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு, குறுக்கே 39 பலகைகள். பந்து 16 பவுண்டு வரை இருக்கலாம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது எண்ணெய். பாதையின் முன்பகுதியில் ஏறத்தாழ 40 அடி நீளத்துக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கான பூச்சில் நடுவே எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. கை கொஞ்சம் தப்பினாலும் பந்து தானாகத் திரும்பி வந்து சேர்ந்துவிடும். போட்டிகளுக்குப் பூசும்போது அந்தச் சலுகையை எடுத்துவிடுவார்கள். ஓரிரு பலகை விலகினால் விலகியதுதான். போதாக்குறைக்கு, உருளும் ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறது. முதல் ஆட்டத்தில் ஸ்ட்ரைக் தந்த, அதாவது பத்துப் பின்களையும் ஒரேயடியாகச் சாய்த்த அதே வீச்சு மூன்றாம் ஆட்டத்தில் வேறெங்கோ போய் இடிக்கும். பாதையோ அதே பளபளப்போடு கிடக்கும். பந்து திரும்பும் இடத்தை மட்டும் பார்த்து, எங்கே எண்ணெய் தீர்ந்திருக்கிறது என்று ஆடுபவர்தான் கணிக்க வேண்டும்.

கையிலிருந்து பந்து பிரியும் கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெருவிரல் முதலில் துளையை விட்டு வெளியே வர வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வர வேண்டும். சுழற்சி பிறப்பது அந்த இடைவெளியில்தான். ஆட ஆடப் பெருவிரல் வீங்கும், சில சமயம் சுருங்கும். அதனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெருவிரல் துளைக்குள் சின்னச் சின்ன டேப் துண்டுகளை ஒட்டுவதும் உரிப்பதுமாகவே இருப்பார்கள். துளை இறுக்கமாக இருந்தால் பந்து விரலிலேயே தொங்கி நிற்கும். தளர்வாக இருந்தால் கை தன்னையறியாமல் பந்தை இறுக்கும், வீச்சு கெட்டுவிடும். ஒரு டேப் துண்டின் தடிமன் செய்யும் வேலை இது. இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு அந்த ஆட்டத்தை உருட்டிவிடுவது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதற்காக வலுவுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகச் சுழற்சியோடு போடுகிறவரின் பந்து கூர்மையான கோணத்தில் பின்களுக்குள் நுழையும். குறி சற்றுத் தவறினாலும் பின்கள் சரியும். ஆண்கள் தொடரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களுடைய பந்துகள் பாதையின் எண்ணெயைத் தின்றுதீர்க்கும் விதமும் வேறு. அவர்களோடு ஆடப் போகிறவர் அவர்கள் கலைத்துப்போட்ட பாதையில்தான் ஆடியாக வேண்டும்.

ஆனால் ஆண்கள் எடுக்கும் புள்ளிகளைப் பெண்களாலும் எட்ட முடியும் என்பது 2010க்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம். மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸைச் சேர்ந்த மேரியன் லேட்விக் 1951 ஆல்-ஸ்டார் போட்டியில் ஒரே நாளில் எட்டு ஆட்டங்களில் 1,981 புள்ளிகள் எடுத்தார், சராசரி 247.6. அந்த எண்ணிக்கையை ஆண்கள் பிரிவில்கூட எவரும் எட்டவில்லை. அப்படியிருந்தும் ஆண்களின் முதன்மைத் தொடரில் ஒரு பெண் பட்டம் வெல்ல அதற்குப் பிறகு 59 ஆண்டுகள் ஆனது. திறமை இல்லாமலா இத்தனை தாமதம்?

நான் எழுதத் தவறிய பகுதி இனிதான் வருகிறது. குலிக் நியூஜெர்சியின் யூனியன் ஊர்க்காரர், 1977இல் பிறந்தவர். 2001இல் மகளிர் தொழில்முறைத் தொடரின் சிறந்த புதுமுகம். 2003இல் யூஎஸ் மகளிர் ஓப்பன் பட்டம். அதே ஆண்டு அந்தத் தொடரே நின்றுபோனது. பட்டம் வென்ற ஆண்டிலேயே, 26 வயதில், ஆடுவதற்குத் தொடர் இல்லாமல் ஆனது. அப்பாவின் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த நாட்களில் விரலின் பழக்கத்தை அவர் எப்படி விடாமல் காத்துவைத்தார் என்பதை நினைத்தால், 2010 பட்டத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

2006இல் ஆண்களின் தொழில்முறைத் தொடருக்கான தகுதிப் போட்டியில் இறங்கினார். நேரடி இடங்கள் பத்து, குலிக் ஆறாவதாக வந்தார். ஒரு சீசன் முழுக்க ஆட இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த இடத்தை அடுத்த சீசனுக்குத் தக்கவைக்க முடியவில்லை. இதை நான் மறைக்கவில்லை, நீங்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும்: 2007இல் குயின்ஸ் என்ற மகளிர் போட்டியில் பட்டம், 2009இல் மகளிர் உலக சாம்பியன் பட்டம். அந்த 2009 வெற்றிதான் லாஸ் வேகஸில் நடந்த டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் போட்டிக்குள் அவரைக் கொண்டுபோனது. பட்டம் வென்றவர்கள் மட்டுமே நுழையக்கூடிய போட்டி அது.

இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் கிறிஸ் பார்ன்ஸ். 2006இல் இதே பட்டத்தை வென்றவர், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். முடிவு 265–195. ஓர் ஆட்டத்தில் எடுக்கக்கூடிய அதிகபட்சமே 300தான் என்பதை வைத்து அந்த எழுபது புள்ளி இடைவெளியைப் பாருங்கள். பரிசு 40,000 டாலர். அதைவிட அவருக்கு முக்கியம், தொடரில் ஆட இரண்டு ஆண்டுகளுக்கான இடம் கிடைத்தது.

ஒரு நல்ல நாளா என்று கேட்டிருந்தீர்கள். அதே 2010இல் யூஎஸ் மகளிர் ஓப்பனை இரண்டாம் முறை வென்றார், 2012இல் மூன்றாம் முறை. முதல் வெற்றிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள். ஆண்கள் தொடரில் இரண்டாவது பட்டம் வரவில்லை என்பது உண்மை. அந்தத் தொடரில் ஆயுள் முழுக்க ஆடி ஒரு பட்டம்கூட வெல்லாத ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஆர். உங்களைக் குறை சொல்லவில்லை. என் குறிப்பும் அவரை ஒரே நாளுக்குள் அடைத்து உங்களிடம் நீட்டியதால்தான் நீங்களும் அப்படிக் கேட்டீர்கள்.

2005இல் லிஸ் ஜான்சன் என்ற வீராங்கனை ஆண்கள் தொடரின் ஒரு போட்டியில் இறுதியாட்டம் வரை போய் டாமி ஜோன்ஸிடம் தோற்றார். அவரும் அதே நின்றுபோன மகளிர் தொடரிலிருந்து வந்தவர்தான். குலிக்கைப் பற்றி எழுதும்போது அவரையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

மகளிர் தொடர் மறுபடி தொடங்கியது 2015இல். அது நின்றபோது குலிக்குக்கு 26 வயது. திரும்பி வந்தபோது 38.